கட்டெறும்புக்கு ஒரு வீடு: ஏஏசி கல்லில் எறும்புக் கூடு செய்யும் முறை

எறும்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வீடியோவில் பார்த்ததைப் போல ஒரு பெரிய கண்ணாடிக் கூட்டைச் செய்து முடித்துவிட்டு, அதில் விட எறும்பு தேடிக் கிளம்புவார்கள். தெருவோரப் புற்றைக் கிளறி, கையில் கிடைத்த எறும்புகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். ராணி இல்லாத அந்தக் கூட்டம் பெருகாது. கொஞ்ச காலத்தில் ஒவ்வொன்றாகச் செத்துத் தீர்ந்துவிடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ராணி, அப்புறம் அதன் முதல் பிள்ளைகள், கடைசியில்தான் கூடு. ராணியைப் பிடித்த நாளுக்கும் கூடு தேவைப்படும் நாளுக்கும் நடுவில் சில மாதங்கள் இருக்கும். கூடு செய்ய அந்த அவகாசமே தாராளம்.

நம் ஊர்க் கட்டெறும்புக்கு, கட்டட வேலை நடக்கும் இடங்களில் உடைந்து கிடக்கும் ஏஏசி கல்லில் (சுவர் கட்டப் பயன்படும், நுண்குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த கல்) கூடு செதுக்கும் முறையை இங்கே சொல்கிறேன். கல் சும்மா கிடைக்கும். கண்ணாடி, டியூப், டப்பா என்று மற்றதெல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

ஏன் கட்டெறும்பு?

தரையிலும் மரத்திலும் சரசரவென்று ஓடும் பெரிய கறுப்புக் கட்டெறும்பைத்தான் சொல்கிறேன். அறிவியல் பெயர் கம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல எறும்பு கிடையாது என்பது என் கருத்து. உருவம் பெரியது, அதனால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், சின்ன இடுக்கில் நழுவி ஓடவும் முடியாது. கொடுக்கு இல்லை. கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். கொஞ்சம் எரியும், கழுவினால் போய்விடும். ஒரே கூட்டத்தில் சிறிய வேலைக்கார எறும்பும் இருக்கும், பெருந்தலையோடு திரியும் பெரிய எறும்பும் இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முசுறை முதல் முயற்சியில் தொடாதீர்கள். தன் இளம்புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் எறும்பு அது. கல்லில் அடங்காது, உயிருள்ள செடி வேண்டும். நெருப்பெறும்பும் வேண்டாம். கொட்டும், எந்த இடுக்கிலும் புகுந்து வெளியே வந்துவிடும், வீட்டில் சண்டை வரும்.

ராணியைப் பிடிப்பது

மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலைகளில் இறக்கை முளைத்த எறும்புகள் கூட்டைவிட்டுப் பறக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகு ஆண்கள் செத்துவிடும். பெண் தரையிறங்கி, தன் இறக்கைகளைத் தானே உதிர்த்துவிட்டு, ஒளிந்துகொள்ள இடம் தேடி அலையும். அப்படி அலையும் பெண்தான் நமக்கு வேண்டிய ராணி. தெருவிளக்கின் அடியில், மொட்டைமாடியில், சுவரோரத்தில் தேடுங்கள்.

இறக்கையோடு விளக்கைச் சுற்றுவதெல்லாம் எறும்பு ஆகிவிடாது. அதே நேரத்தில் ஈசலும் கிளம்பும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு இருக்காது, உணர்கொம்பு நேராக மணிமணியாக இருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும்.

இறக்கை உதிர்த்த ராணியை வேலைக்கார எறும்பிலிருந்து பிரித்தறிய மார்பைப் பாருங்கள். பறக்கும் தசைகள் இருந்த இடம் என்பதால் ராணியின் மார்பு முதுகுப்பக்கம் புடைத்திருக்கும், இறக்கை இருந்த இடத்தில் சிறு தழும்பு தெரியும். பெருந்தலை எறும்பைப் பார்த்து ராணி என்று நினைத்துவிடுவது சகஜம். அதற்குத் தலை பெரிதாக இருக்குமே தவிர, மார்பு ஒல்லிதான். இறக்கையோடு ஒரு பெண் கிடைத்தால் அது ஆணோடு சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இறக்கையில்லாமல் தனியாக நடப்பதையே பிடியுங்கள்.

வனப்பகுதியிலோ சரணாலயத்திலோ போய்ப் பிடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவரக் கூடாது. வெளிநாட்டு எறும்பை வாங்கும் ஆசையும் வேண்டாம். 2025 ஏப்ரலில் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள், பெரும்பாலும் ராணிகள். எல்லாம் சோதனைக் குழாய்களில் பஞ்சடைத்து வைக்கப்பட்டிருந்தன. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஒரு வருடம் சிறை என்று தீர்ப்பளித்தது. உங்கள் தெருவில் கிடைக்கும் எறும்பே போதும்.

சோதனைக் குழாயில் முதல் குடித்தனம்

பள்ளி ஆய்வகத்துக்குப் பொருள் விற்கும் கடையில் 15 செ.மீ. நீளக் கண்ணாடிச் சோதனைக் குழாய் கேளுங்கள். வாய் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, பஞ்சை இறுக்கமாக உருட்டி, தண்ணீரைத் தொடும்வரை பென்சிலால் தள்ளுங்கள். பஞ்சு நனையவேண்டும், ஆனால் குழாயைப் படுக்கவைத்தால் தண்ணீர் ஒழுகக் கூடாது. ராணியை உள்ளே விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் மூடுங்கள். காற்று பஞ்சின் வழியாகவே போய்வரும்.

கறுப்புத் தாளைச் சுற்றி, யாரும் அடிக்கடி திறக்காத அலமாரியில் படுக்கவைத்துவிடுங்கள். சாப்பாடு எதுவும் வேண்டாம். கட்டெறும்பு ராணி தன் உடம்பின் கொழுப்பையும், இனி தேவைப்படாத பறக்கும் தசைகளையும் கரைத்துத்தான் முதல் பிள்ளைகளை வளர்க்கும். தினமும் எடுத்துப் பார்த்தால் பயத்தில் தன் முட்டையையே தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் சில நொடிகள் பார்த்தால் போதும். இந்தப் பொழுதுபோக்கில் இதைத்தான் பலரால் கடைப்பிடிக்க முடிவதில்லை.

நம் ஊர் வெக்கையில் ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும். வழக்கத்தைவிடச் சிறியவையாக இருக்கும், கவலைப்பட வேண்டாம். அவை வந்த பிறகு ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரும், ஒரு சிறு பூச்சித் துண்டும் வையுங்கள். இருபது முப்பது எறும்பு சேரும்வரை குழாயே வீடு. அதற்கு முன் கூட்டில் விட்டால் தங்காது, தங்கினாலும் திணறும்.

ஏன் ஏஏசி கல்?

இணையத்தில் பார்த்தால் பெரும்பாலோர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கூடு வார்க்கிறார்கள். தப்பில்லை. ஆனால் ஈரமான பிளாஸ்டரைக் கட்டெறும்பு சுரண்டும், பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். கடையில் விற்கும் நீலநிற ஜெல் பெட்டிகள் பொம்மைதான். அதில் ஒரு கூட்டம் நெடுநாள் வாழ முடியாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மண் போடுவது பழைய முறை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர் ஜான் லபக் இப்படித்தான் வளர்த்தார். அவருடைய ராணி எறும்பு ஒன்று ஏறக்குறைய 15 வருடம் உயிரோடிருந்தது. ஆனால் மண்ணுக்குள் எறும்பு தன் இஷ்டத்துக்கு வளை தோண்டி, ராணி கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும்.

சிமெண்ட், சுண்ணாம்பு, ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரிந்த சாம்பல்) ஆகியவற்றோடு துளி அலுமினியப் பொடி சேர்த்து ஏஏசி கல்லைச் செய்கிறார்கள். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரிந்து வாயு வெளியாகும்போது கலவை முழுக்கக் குமிழாகிவிடுகிறது. பிறகு உயரழுத்த நீராவியில் வேகவைக்கிறார்கள். அந்தக் குமிழ்களால் கல் தண்ணீரில் மிதக்கும், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டலாம், ஒரு பக்கம் ஊற்றிய தண்ணீரை மெல்ல மறுபக்கம்வரை இழுத்துச் செல்லும். எறும்புக் கூட்டுக்கு இந்த மூன்றாவது குணம்தான் முக்கியம்.

எறும்புக்கு ஒரே சீரான ஈரம் பிடிக்காது. முட்டைக்கும் சிறு புழுக்களுக்கும் ஈரமான இடம் வேண்டும், பட்டுறையில் அடைந்த கூட்டுப்புழுவுக்கு உலர்ந்த இடம் வேண்டும். எது எங்கே இருக்கவேண்டும் என்று அவை தீர்மானித்து நாள்தோறும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். கூட்டின் ஒரு முனை நனைந்தும் மறுமுனை காய்ந்தும் இருந்தால் தேர்ந்தெடுக்கும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். இந்த யோசனை புதிதல்ல. ஒரு முனையில் தண்ணீர்க் குழி வைத்த பிளாஸ்டர் கூட்டைப் பிரெஞ்சுக்காரர் ஷார்ல் ஜானே நூறு வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டார். நாம் பிளாஸ்டருக்குப் பதில் கல்லை வைக்கிறோம், அவ்வளவுதான்.

சேகரிக்க வேண்டியவை

அடுக்குமாடி வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் உடைந்த ஏஏசி கல்லை எடுத்துக்கொள்ளச் சொல்வார். ஹாலோ பிளாக்கோ ஃப்ளை ஆஷ் செங்கல்லோ வேண்டாம். வெளிர் சாம்பல் நிறத்தில், கையில் எடுத்தால் எடையே இல்லாததுபோல் இருப்பதுதான் வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் கிடைக்கும். உட்புறம் 8 மி.மீ. அகலம் உள்ளதில் அரை மீட்டர் வாங்குங்கள். டியூபின் வெளி அளவைப் பார்த்து அதற்கு ஏற்ற டிரில் பிட் எடுங்கள். போட்டோ ஃபிரேம் போடும் கடையில் 11 × 10 செ.மீ. அளவில் 3 அல்லது 4 மி.மீ. கண்ணாடி வெட்டி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, மரத்துக்குத் தேய்க்கும் உப்புத்தாள், ரம்பம், ஸ்க்ரூடிரைவர், ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச், சிவப்புச் செலோபேன் தாள், இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, பழைய ஸ்டீல் டீ வடிகட்டி, ஹாட் க்ளூ, டால்கம் பவுடர், ஸ்பிரிட், கொஞ்சம் ஆற்று மணல். இவ்வளவுதான்.

கல்லைத் தயார்செய்தல்

கல்லை 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், நாலரை சென்டிமீட்டர் கனத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன் நன்றாக நனையுங்கள். காய்ந்த கல்லின் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்தாலும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வேலையை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டால் வீட்டிலும் யாரும் திட்டமாட்டார்கள்.

மேல்பக்கம் சமமாக இருக்கவேண்டும். உப்புத்தாளைத் தரை டைல்ஸ் மேல் விரித்து, அதன்மேல் கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். அவ்வப்போது கண்ணாடியை வைத்துப் பார்த்து, எங்கும் ஆடாமல் உட்காரும்வரை தேயுங்கள். ஒரு தாளைக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் செருகிப் பாருங்கள். தாள் நுழைந்தால் இன்னும் தேய்க்கவேண்டும். இந்த வேலை அலுப்பானது, ஆனால் எறும்பு தப்பிப்பதும் தப்பிக்காததும் இங்கேதான் முடிவாகிறது.

வரைவது

மேல்பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள். இடது ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, 2 செ.மீ. அகலத்தில் தண்ணீர்க் குழி. அதற்கு அடுத்து 2 செ.மீ. சுவர். இந்தச் சுவரைக் குறைக்காதீர்கள், குழிக்கும் அறைக்கும் நடுவே எங்கும் துளை விழக் கூடாது. பிறகு 2 செ.மீ. அகலமும் 7 செ.மீ. நீளமுமாக மூன்று அறைகள், அறைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் சுவர். வலது ஓரம், மேல் ஓரம், கீழ் ஓரம் மூன்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பு.

மூன்றே அறையா என்று கேட்காதீர்கள். பெரிய கூடு வேண்டும் என்ற ஆசைதான் தொடக்கக்காரர்களின் முதல் எதிரி. முப்பது எறும்புக்கு அரண்மனை கொடுத்தால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, மீதி அறைகளைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிடும். செத்த எறும்பும் பூச்சித் தோலும் ஈரமான அறையில் குவிந்தால் பூஞ்சை வரும், அதை நீங்கள் கண்ணாடியைத் திறந்துதான் எடுக்கவேண்டும். மூன்று அறைகூட முதலில் அதிகமென்று தோன்றினால் ஒன்றைப் பஞ்சால் அடைத்துவையுங்கள்.

செதுக்குவது

ஈரக் கல்லில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் கோட்டை அழுத்திக் கீறி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுங்கள். அறையின் ஆழம் ஒரு சென்டிமீட்டர். பெருந்தலை எறும்பும் வயிறு பெருத்த ராணியும் புரண்டு திரும்ப அது போதும். அதைவிட ஆழமாகப் போனால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அடித்தரையைப் பழைய கரண்டியால் வழித்துவிடுங்கள். மழமழவென்று இருக்கத் தேவையில்லை, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் கால் பிடிமானம் கிடைக்கும்.

அறைகளை இணைக்கும் வழிகள் 8 மி.மீ. அகலம் இருக்கட்டும். முதல் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் மேல் முனையிலும் அடுத்த சுவரில் கீழ் முனையிலும் வழி வையுங்கள். இப்படி மாற்றி மாற்றி வைத்தால் ஈரம் ஒவ்வோர் அறையிலும் வேறுவேறாக இருக்கும்.

தண்ணீர்க் குழியை மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டுங்கள். கண்ணாடி இதை மூடாது, தண்ணீர் ஊற்ற வசதியாகத் திறந்தே இருக்கும்.

வாசலில்தான் நிறையப் பேருக்குச் சிக்கல் வருகிறது. டியூபின் வெளி விட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், அறையின் ஆழமும் ஒரு சென்டிமீட்டர். அப்படியே துளைத்தால் மேல் விளிம்பு உடைந்துவிடும். அதனால் மூன்றாவது அறையின் வலப்பக்க ஓரத்தை மட்டும் சரிவாக 2 செ.மீ. ஆழத்துக்கு இறக்குங்கள். பிறகு கல்லின் பக்கவாட்டில், மேல்பரப்புக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் கீழே, அந்தப் பள்ளத்தை நோக்கித் துளையிடுங்கள். டிரில்லைக் கையாலேயே திருப்பினாலும் ஏஏசி கல் இடம்கொடுக்கும். மின்சார டிரில் என்றால் மெதுவாக ஓட்டுங்கள். டியூபைச் செருகும்போது அதன் நுனி அறைச் சுவரோடு சரியாக நிற்கட்டும், உள்ளே துருத்தக் கூடாது.

ஊறவைத்தலும் ஈரச் சோதனையும்

செதுக்கி முடித்த கல்லைப் பிரஷ்ஷால் கழுவி, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். மிதக்கும், மேலே ஒரு கனமான பொருளை வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சுண்ணாம்புக் காரமும் தூசியும் போகத்தான் இந்த ஏற்பாடு. பிறகு வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். அடிவரை காய ஒரு வாரம்கூட ஆகலாம்.

காய்ந்த கல்லில் சிரிஞ்சால் தண்ணீர்க் குழிக்குள் 10 மி.லி. விடுங்கள். ஏஏசி கல் நனைந்தால் நிறம் அடர்ந்து காட்டும், அதனால் ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், போதவில்லையென்றால் இன்னொரு 10 மி.லி. விடுங்கள். முதல் அறை முழுக்க அடர் நிறம், இரண்டாவது பாதி, மூன்றாவது காய்ந்து கிடக்கவேண்டும். அதற்கு எத்தனை சிரிஞ்ச் தண்ணீர் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கல்லின் அளவு. ஒவ்வொரு கல்லும் வேறுமாதிரி குடிக்கும்.

குழியில் தண்ணீரை எப்போதும் நிரப்பி வைக்காதீர்கள். கல் இழுத்துக்கொள்ளும் அளவே ஊற்றுங்கள். தேங்கி நின்றால் கொசு முட்டையிடும். டெங்கு ஊரில் எறும்புக் கூட்டைச் சாக்காகச் சொல்ல முடியாது.

முற்றம்

கூடு படுக்கையறை என்றால் டப்பாதான் முற்றம். எறும்பு இரை தேடவும், குப்பை போடவும், சும்மா சுற்றவும் இங்கேதான் வரும். ஏறத்தாழ 20 × 15 செ.மீ. உள்ள டப்பா போதும், உயரம் 10 செ.மீ. இருக்கட்டும். ஒரு பக்கச் சுவரில், கல்லின் துளை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் துளைபோட்டு டியூபைச் செருகுங்கள். டியூப் கல்லுக்குள் நுழையும் இடத்திலும் டப்பாவுக்குள் நுழையும் இடத்திலும் சுற்றி ஹாட் க்ளூ விட்டு அடையுங்கள். மூடியில் ஒரு சதுரம் வெட்டி, டீ வடிகட்டியின் வலையை அதே க்ளூவால் ஒட்டினால் காற்றோட்டம் ஆச்சு. அடியில் கழுவிக் காயவைத்த ஆற்று மணலை மெல்லிதாகத் தூவுங்கள்.

உட்சுவரின் மேல்பகுதியில் மூன்று விரல் அகலத்துக்கு வழுக்குப் பட்டை போடவேண்டும். டால்கம் பவுடரை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஸ்பிரிட்டில் பால்போலக் கரைத்து, பஞ்சால் ஒரே வீச்சாகத் தடவுங்கள். ஸ்பிரிட் ஆவியாகி மெல்லிய பவுடர் பூச்சு மட்டும் தங்கும். ஏற முயலும் எறும்பு சறுக்கி விழும். அடுப்பு பக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், காய்ந்த பிறகே எறும்பை விடுங்கள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் பவுடர் பிசுபிசுத்துப் பயனற்றுப்போகும். அப்போது பட்டைக்கு மேலே வாஸ்லினை மிக மெல்லிதாகத் தடவலாம். திட்டுத்திட்டாகப் பூசினால் எறும்பு ஒட்டிக்கொண்டு சாகும்.

கண்ணாடியை அறைகளின் மேல் வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு வளையங்களால் கல்லோடு சேர்த்து இறுக்குங்கள். சிலிக்கான் போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு ரப்பர்தான் பிடிக்கும், தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஒட்டியே ஆகவேண்டுமென்றால் புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை காத்திருங்கள்.

கண்ணாடிமேல் சிவப்புச் செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் போடுங்கள். எறும்புகளுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. அவற்றுக்கு உள்ளே இருட்டு, உங்களுக்கு வெளிச்சம். அதன்மேல் ஒரு அட்டையும் இருக்கட்டும், பார்க்கும்போது மட்டும் எடுங்கள்.

குடியேற்றம்

சோதனைக் குழாயைத் திறந்து கொட்டாதீர்கள், தட்டாதீர்கள், குச்சியால் நோண்டாதீர்கள். கூட்டுக்கு ஈரம் கொடுத்து இருட்டாக மூடிவையுங்கள். குழாயைச் சுற்றிய கறுப்புத் தாளை எடுத்துவிட்டு, வாய்ப் பஞ்சைக் கழற்றி, அப்படியே முற்றத்தில் படுக்கவையுங்கள். குழாயில் வெளிச்சம், கூட்டில் இருட்டும் ஈரமும். வேலைக்கார எறும்பு ஒன்று டியூப் வழியாகப் போய் வேவு பார்க்கும். பிடித்துப்போனால் மற்றவற்றை அழைத்துவரும், முட்டைகளையும் புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு போகும், கடைசியாக ராணியும் போகும்.

சில கூட்டங்கள் ஒரே இரவில் மாறிவிடும், சில மாதக்கணக்கில் குழாயைவிட்டு நகராது. நகராவிட்டால் விடுங்கள். குழாயின் தண்ணீர் வற்றும்போது அவையே யோசிக்கும்.

சாப்பாடும் தண்ணீரும்

வளர்ந்த எறும்புக்கு இனிப்பு, புழுவுக்குப் புரதம். ஒரு பங்கு சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர் கரைத்து, பாட்டில் மூடியில் பஞ்சை வைத்து அதில் ஊற்றுங்கள். வெறும் திரவமாக வைத்தால் விழுந்து மூழ்கும். புரதத்துக்குப் பறவைக் கடையில் கிடைக்கும் மீல்வார்ம், வெட்டுக்கிளி, அவித்த முட்டைத் துணுக்கு எதுவும் ஆகும். பூச்சியைச் சில நொடி கொதிநீரில் முக்கி, இரண்டாக நறுக்கி வையுங்கள். வீட்டுக் கரப்பானைப் போடாதீர்கள், எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். புழு இல்லாத சமயத்தில் புரதத்தைச் சீந்தாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கூட்டுக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் என்று தொடங்கி, கல்லின் நிறத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கூடுதலாகத் தேவைப்படும், ஐப்பசி மழையில் பாதிகூட வேண்டியிருக்காது. கண்ணாடியின் உட்புறம் வியர்த்துக்கொண்டே இருந்தால் ஈரம் அதிகம், ஓரிரு தடவை நிறுத்துங்கள். எறும்பெல்லாம் முதல் அறையிலேயே நெருக்கியடித்தால் ஈரம் போதவில்லை. எல்லாம் மூன்றாவது அறையில் ஒண்டினால் ஈரம் மிஞ்சிவிட்டது.

வெளிநாட்டு வீடியோக்களில் சூடேற்றும் கேபிள், குளிர்கால உறக்கம் என்றெல்லாம் வரும். சமவெளியில் பிடித்த நம் கட்டெறும்புக்கு இரண்டும் தேவையில்லை. கவனிக்கவேண்டியது வெயில்தான். ஜன்னலோரத்திலும் டிவி, ஃபிரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள்.

உண்மையான ஆபத்துகள்

நம் வீடுகளில் வளர்ப்பு எறும்பைக் கொல்வது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்.

ஒன்று, கொசு மருந்து. சுருள், லிக்விட் இரண்டிலும் இருப்பது பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் மருந்து, எறும்பும் பூச்சிதான். அது எரியும் அறையில் கூட்டை வைக்காதீர்கள்.

இரண்டு, எறும்புச் சாக்பீஸ். வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு அலமாரியைச் சுற்றிக் கோடு கிழித்துவிடுவார்கள். அம்மாவிடமும் வேலைக்கு வரும் அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எறும்பு வளர்க்கிறேன் என்றால் முதலில் ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு பழகிவிடும்.

மூன்று, வெளி எறும்பு. சர்க்கரைத் தண்ணீர் வாடைக்குப் பொடி எறும்புகள் சாரை சாரையாக வந்து, வலைக் கண் வழியாகப் புகுந்து, ஒரே இரவில் கூட்டத்தையே அழித்துவிடும். சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறோமே, அதையே இங்கும் செய்யுங்கள். அகலமான தாம்பாளத்தில் சோப்புத் தண்ணீர், நடுவே கவிழ்த்த கிண்ணங்கள், அதன்மேல் பலகை, பலகைமேல் கூடும் முற்றமும். பலகை சுவரைத் தொடக் கூடாது.

கூட்டம் பெருகும்போது

மூன்று அறையும் நிரம்பி, எறும்புகள் டியூபிலேயே தங்கத் தொடங்கினால் அடுத்த கல் தேவை. முற்றத்தின் எதிர்ப்பக்கச் சுவரில் துளைபோட்டு, இரண்டாவது கல்லை இணையுங்கள். பழையதைக் கலைக்கவேண்டாம். கட்டெறும்புக் கூட்டம் ஆயிரங்களைத் தொடக்கூடியது. எவ்வளவு தூரம் போகப்போகிறீர்கள் என்று இந்த இடத்தில் நிதானமாக யோசியுங்கள். இன்னொரு ராணி கிடைத்தால் அதே கூட்டில் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கொன்றுபோடும்.

வளர்க்க முடியாமல் போனால் ராணியைப் பிடித்த அதே இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். வேறு ஊரில் வேண்டாம். ஓர் இடத்து எறும்பு இன்னோர் இடத்தில் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்ணையே பதம்பார்த்தது. மக்கள் ஆடு மேய்க்கப் போக முடியாமல் தவித்தார்கள்.

வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போகவேண்டிய அவசியமில்லை. சோதனைக் குழாய் ஒன்றில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீரும் நிரப்பி, பஞ்சடைத்து முற்றத்தில் போடுங்கள். பூச்சி எதுவும் வைக்காதீர்கள், அழுகிவிடும். கிளம்பும் அன்று கல்லுக்கு வழக்கமான அளவு தண்ணீர் விட்டு, தாம்பாளத்தை நிரப்பினால் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் போவதென்றால் சிரிஞ்சைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.